ஏழு குழாய்ப்பாலங்கள்

எஸ்மத் இரண்டாவது தடவையும் டிரைவிங் டெஸ்டில் தோற்றுவிட்டான் என்ற சேதி, அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் எங்கள் வெஸ்ட்ஃபெல்ட் முழுக்கப் பரவிவிட்டது. டெஸ்ட் எடுக்கும் அம்மாள் யாரிடமும் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஆனால் டெஸ்ட் நடக்கிற கோர்ட்டுக்கு எதிரே உரக்கடை இருக்கிறது. அந்த வாசலில் எந்நேரமும் நாலு பேர் நிற்பார்கள். காரை விட்டு இறங்குகிறவன் முகத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர்கள் நாட்டில் சாலைக்கு மறுபக்கம் ஓட்டுவார்கள், அந்தப் பழக்கம் போகவில்லை என்றார் ஒருவர். ஆப்கானிஸ்தானிலும் நம்மைப் போலவே வலப்பக்கம்தான் என்று இன்னொருவர் மறுத்தார். படபடப்பு என்றது சர்ச் கூட்டம். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. எழுத்துத் தேர்வில் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கியவன் அவன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் அண்ணன் இருபதைத் தாண்டியதில்லை. எங்களைவிட நல்ல இங்கிலீஷ் பேசுகிறவன், எங்கள் பட்டாளத்துக்கு ஒன்பது வருஷம் வாயும் காதுமாக இருந்தவன், பத்து மைல் கார் ஓட்டிக் காட்டுவதில் அப்படி என்ன கோளாறு செய்கிறான்? அது தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அதனால் இது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

எஸ்மத்தை இங்கே கொண்டுவந்தது என் அண்ணன் மகன் ரஸ்ஸல். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவன் அந்த நாட்டில் சார்ஜென்டாக இருந்தபோது எஸ்மத்தான் அவனுக்கு மொழிபெயர்ப்பாளன். பட்டாளத்துப் பிள்ளைகள் அவனைச் செல்லமாக எட்டி என்று கூப்பிடுவார்களாம். ரஸ்ஸல் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறான். மனு மேல் மனு போட்டு, வாஷிங்டனுக்கு நூறு தடவை போன் செய்து, கடைசியில் ஜனவரி மாதப் பனியில் டென்வர் விமான நிலையத்துக்குத் தானே போய் அழைத்து வந்தான். எஸ்மத், அவன் மனைவி ஸர்மினா, ஒன்பது வயது மகள் நாஸோ, இரண்டு வயது இல்யாஸ். ரஸ்ஸல் பண்ணையில் காலியாகக் கிடந்த பண்ணையாள் வீட்டை ஒழித்துக் கொடுத்தோம். ஊர் முழுக்கச் சாமான் கொடுத்தது. நாலு டோஸ்டர் வந்தது, ஒரு கட்டில்கூட வரவில்லை. முதல் வாரம் அவர்கள் கம்பளம் விரித்துத்தான் படுத்தார்கள். அதுதான் வசதி என்றான் எஸ்மத். மரியாதைக்குச் சொன்னானா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அகதிகளுக்கான உதவி அலுவலகம் கொடுக்கும் ஆதரவு செப்டம்பரோடு முடிகிறது. அக்டோபரில் சர்க்கரை பீட் அறுவடை. முள்ளங்கி மாதிரி வெளுத்த, ஒவ்வொன்றும் மூன்று நான்கு ராத்தல் வரும் கிழங்கு. அதை வயலிலிருந்து, ஆலைக்காக எடை போட்டுக் குவித்துவைக்கும் குவியல் மேட்டுக்கு லாரியில் கொண்டுபோகும் வேலையை ரஸ்ஸல் அவனுக்காக வைத்திருந்தான். அது முடிந்தால் பிப்ரவரிவரை சர்க்கரை ஆலை முற்றத்தில் வேலை. இரண்டுக்கும் லைசென்ஸ் வேண்டும். என் மஞ்சள் பஸ்ஸைத் தவிர வேறு பஸ் ஓடாத ஊர் இது. லைசென்ஸ் இல்லையென்றால் எட்டு மணி நேரம் தள்ளி ஒமாஹாவில் ஒரு அடுக்குமாடி வீடும் இறைச்சி ஆலையில் வேலையும் தயார் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது டெஸ்டிலும் தோற்றால் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குள் கிழங்கெல்லாம் சர்க்கரையாகியிருக்கும்.

ஒமாஹா என்றாலே ஸர்மினா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர்கள் நாட்டில் பள்ளிக்கூடம் மூடிப்போய் வீட்டுக்குள் கிடந்த பிள்ளை நாஸோ. இங்கே மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, இப்போதுதான் டீச்சரிடம் எதிர்க்கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தாள். இன்னொரு தடவை அவளைப் பிடுங்கி வேறிடத்தில் நட விடமாட்டேன் என்றாள் ஸர்மினா. நாற்றுகூட இரண்டு தடவைக்கு மேல் தாங்காது என்றாள். அதை எஸ்மத்தே எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு.

இரண்டாவது தோல்விக்கு மறுநாள் ரஸ்ஸல் என் வாசலில் வந்து நின்றான்.

"அத்த, நீ ஒரு தரம் கூட உக்காந்து பாரு. எனக்குப் பிடிபடல. நான்தான் ரெண்டு மாசமா பக்கத்துல உக்காந்து ஓட்ட வைக்கிறேன். அவன் ஓட்டுறதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"டெஸ்ட் எடுக்கறவ என்ன எழுதியிருக்கா?"

"தடத்துல நிலையா இல்லைன்னு எழுதியிருக்கா. அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்ல."

சனிக்கிழமை காலையில் போனேன். முட்டைக்கோசும் கறியும் அடைத்த எங்கள் வீட்டு ரொட்டி ஒரு டஜன் சுட்டு எடுத்துப் போனேன். கறி, ரஸ்ஸல் அவர்கள் முறைப்படி அறுக்கச் சொல்லி வாங்கியது. அங்கே ஸர்மினா கந்தனா அடைத்த பொலானி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கந்தனா ஒருவகை வெங்காயத்தாள். ஊரிலிருந்து விதையைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சிப் பாத்தி போட்டிருந்தாள். நான் அவளுடையதைப் பிட்டுப் பார்த்தேன், அவள் என்னுடையதைப் பிட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடைத்திருந்ததை விரலால் விலக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

ஸர்மினா என்னை டார்லா ஜான் என்று கூப்பிடுவாள். பிரியமானவர்கள் பெயரோடு அவர்கள் ஜான் சேர்ப்பார்கள். அது தெரியாமல் என் தங்கை, யார் இந்த ஜான், எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாயா என்று என்னை ஓட்டி எடுத்துவிட்டாள். ஜூலையிலிருந்தே நான் ஸர்மினாவுக்கும் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளாகக் கேட்டாள். கடைக்குப் போய்வர ஆகும் என்று எஸ்மத்தும் சிரித்துச் சம்மதித்தான். வயல் ஓரத்து மண்பாதையில் ஓட்டுவாள். சாலு பிடித்து உழுகிறவள் மாதிரி அப்படி ஒரு நேர்க்கோடு.

அன்றைக்கு எல்லோரும் காரில் ஏறிக்கொண்டார்கள். நான் எஸ்மத் பக்கத்தில். பின்னால் ஸர்மினாவும் பிள்ளைகளும். கண்ணாடியைச் சரிசெய்தான், பெல்ட் போட்டான், சிக்னல் கொடுத்தான். நான் கற்றுக் கொடுத்தவர்களில் பத்துப் பேர் அவனிடம் பாடம் கேட்கலாம். எதிரே டிராக்டர் வந்தபோது ஒதுங்கிய பதமும் அளந்து வைத்த மாதிரி.

பெரிய வாய்க்கால் ஓரச் சாலைக்கு வந்ததும் அது நடந்தது. கார் மெல்ல வலப்பக்கத் தடத்தை விட்டு நடுச்சாலைக்கு நகர்ந்தது. வேகமும் கொஞ்சம் கூடியது. ஒரு அறுபது எழுபது அடி. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி தடத்துக்குத் திரும்பிவிட்டது. குழி இல்லை, நாய் இல்லை, எதிரே யாரும் இல்லை.  கால் மைல் போனதும் மறுபடி. அப்புறம் இன்னொரு தடவை. அவன் முகத்தைப் பார்த்தேன். நாஸோவின் கணக்கு டீச்சரைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டே வந்தான்.

கொஞ்ச தூரம் இப்படியே போன பிறகு நிறுத்தச் சொன்னேன். இறங்கி, கடைசியாக விலகின இடத்துக்கு நடந்துபோய்க் குனிந்து பார்த்தேன். சாலைக்கு அடியில் சிமெண்டுக் குழாய். இந்தப் பக்கத்து வாய்க்காலிலிருந்து அந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போகிற குழாய்ப்பாலம். வாயில் முள்செடி மண்டியிருந்தது. அதற்கு முந்தின இடம் வரைக்கும் நடந்தேன். அங்கேயும் குழாய்.

திரும்பி வந்து, ஏன் தம்பி விலகினாய் என்று கேட்டேன்.

"நான் விலகலையே, மேடம்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. நிஜமாகவே என்னை வேடிக்கையாகப் பார்த்தான். அப்போது பின்சீட்டிலிருந்து ஸர்மினா அவர்கள் பாஷையில் ஏதோ ஒன்று சொன்னாள். வழக்கமாக அவள் வாயிலிருந்து விழுமுன் அவன் எனக்கு இங்கிலீஷில் எடுத்துக் கொடுத்துவிடுவான். எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தான். நாஸோதான் சொன்னாள்.

"பதினொண்ணாம்."

"என்ன பதினொண்ணு?"

"வீட்டுலருந்து அப்பா விலகுனது. அம்மா எண்ணிட்டே வந்தாங்க."

அங்கிருந்து நேராக ரஸ்ஸலைத் தேடிப் போனேன். வயலில் மாதிரிக் கிழங்கு பிடுங்கி, கத்தியால் தலையைச் சீவி, வாயில் போட்டு இனிப்புப் பார்த்துக்கொண்டிருந்தான். பம்ப்செட்வரை உன் வண்டியில் கூட்டிப்போ என்றேன். எதற்கு என்று கேட்டான். சும்மா என்றேன். அரை மைல்தான் தூரம். நடுவில் ஒரே ஒரு குழாய்ப்பாலம். அதை நெருங்கும்போது அவன் கை தானாகத் திரும்பியது. வண்டி நடுவில் போய், தாண்டி, திரும்பி வந்தது.

"இப்ப என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்?"

அவன் பெண்டாட்டி ஜெனல் பத்து வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சாலையை விலைக்கு வாங்கின மாதிரி ஓட்டுகிறான் என்று. என் அண்ணனும் சொல்வார். திமிர் என்று நினைத்தோம். எங்கள் பள்ளத்தாக்கில் எதிரே வண்டி வருவது அபூர்வம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது விவரம் சொன்னதும் ரஸ்ஸல் இன்ஜினை நிறுத்திவிட்டான். 

பட்டாளத்தில் அவர்கள் இருந்த இடமும் வாய்க்கால் பாசன ஊர்தான் என்றான். இதே மாதிரி குழாய்கள். குண்டு வைப்பதென்றால் குழாய் வாயில், ஓரமாகத்தான் வைப்பார்கள். அதனால் ஓரத்தை விட்டு நடுவில், வேகமாக. எட்டி முதல் வண்டியில் உட்கார்ந்திருப்பான். வயலில் வேலை செய்கிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பான். குண்டு இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் குரலை வைத்தே அவனுக்குத் தெரிந்துவிடும்.

"அவன் நடுன்னு சொன்னா நடு. நில்லுன்னா நிப்போம். அவன் சொல்லைக் கேட்டுத்தான் அத்த நாங்க அத்தன பேரும் வீடு வந்து சேந்தோம்."

"அப்போ ரெண்டு மாசமா அவன் நடுவுல ஓட்ட, நீ பக்கத்துல உக்காந்து பிரமாதம்னு சொல்லிட்டிருந்திருக்க."

"குருடனுக்குக் குருடன் வழி காட்டுன கத" என்று ரஸ்ஸல் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் தெரியாத மாதிரி வயலைப் பார்த்தேன். இலைகள் காற்றில் புரண்டு புரண்டு வெள்ளை அடிப்பக்கத்தைக் காட்டின.

காரணம் தெரிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நான் நினைத்தது தப்பு. எஸ்மத்திடம் சொன்னோம். ஒத்துக்கொண்டான். மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். முதல் குழாயில் நேராகப் போனான். சட்டை முதுகு நனைந்துவிட்டது. இரண்டாவதில் கை திரும்பிவிட்டது. கையை வெட்டித்தான் போடணும் மேடம் என்றான்.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. டெஸ்ட் எடுக்கும் வழியில் ஏழு குழாய்ப்பாலங்கள். செப்டம்பர் பாதியில் வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், குழாயெல்லாம் காய்ந்துவிடும். ஏழுக்குள்ளேயும் கண்ணால் பார்த்துவிட்டால் மனசுக்குள் இருக்கிற பயம் போகும் இல்லையா? பஸ்ஸில் பேய் இருக்கிறது என்று அழுத பிள்ளைகளுக்கு நான் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டியிருக்கிறேன். ஏறக்குறைய அதே வைத்தியம்.

ஒரு காலை வேளையில் நடந்தோம். எஸ்மத், இடுப்பில் இல்யாஸோடு ஸர்மினா, நான். மலைப்பக்கமிருந்து குளிர் காற்று இறங்க ஆரம்பித்திருந்தது. முதல் குழாயில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு டயர். மூன்றாவதில் பூனை குட்டி போட்டிருந்தது. இல்யாஸ் அதை விட்டு வர மறுத்து அழுதான். எஸ்மத் ஒவ்வொன்றிலும் மண்டியிட்டு, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறவரை பார்த்தான். பொறுமையான, பழகின பார்வை. எனக்குப் பார்க்கவே ஆச்சரியமாக இருந்தது.

நாலாவது குழாயில் அவன் குனிந்திருக்கும்போது ஸர்மினா பிள்ளையோடு சாலையில் ஏறி, குழாய்க்கு நேர் மேலே ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். எஸ்மத் கத்தினான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவள் நின்றாள். ஆனால் இறங்கவில்லை. அங்கேயே நின்றபடி, அமைதியாக, நாலைந்து வாக்கியம் பேசினாள். அவன் எழுந்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டான்.

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவன் மொழிபெயர்ப்பாளன் ஆயிற்றே. யாரோ ஒருவர் பேச்சை எடுத்துச் சொல்கிற அதே நிதானமான குரலில் சொன்னான்.

"எங்கப்பா நடந்தாரு, அதே மாதிரி நானும் நடக்கறேன்னு சொல்றா, மேடம்."

"அவங்கப்பா எதுக்கு நடந்தாரு?"

"நான் நடக்கச் சொன்னேன்."

சந்தேகமான குழாய் வந்தால் பக்கத்து வயலில் இருக்கிற ஆளைக் கூப்பிடுவார்களாம். மாமா, இதன் மேல் நடந்து காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். அவர் நடந்தால் வண்டி போகும். தயங்கினால் போகாது. கேட்கச் சொன்னது பட்டாளம். கேட்டது அவன் வாய்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா தம்பி?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் நடந்தாங்க. ஆனா மாமான்னு கூப்பிட்டு, என் பாஷைல, நான் கேட்டேன்."

அதில் ஒரு பெரியவர், நடந்து முடித்துவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தாராம். திட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை அவனைத் தூங்கவிடவில்லை. விடுப்பில் போனபோது ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றான். தப்புச் செய்தவன் ஆட்டோடு வாசலுக்கு வந்துவிட்டால் எதிரியாக இருந்தாலும் மன்னிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பெரியவர் ஆட்டை வாங்கிக்கொண்டார், சோறு போட்டார். அவர் மகள்தான் ஸர்மினா. இரண்டு வருஷம் கழித்து எஸ்மத்தின் அம்மா பெண் கேட்டுப் போனபோது, நடக்கச் சொன்னவன் எத்தனையோ பேர், திரும்பி வந்தவன் இவன் ஒருத்தன்தான் என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்தாராம்.

ஸர்மினாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்றாலும் கதை எங்கே வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. சாலைமேல் நின்றபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆடு, ரொம்ப ஒல்லி."

எஸ்மத் சிரித்துவிட்டான். மீதி மூன்று குழாய்களையும் பார்த்து முடித்தோம்.

மூன்றாவது டெஸ்டு செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. அதே நாளில், அரை மணி பிந்தி, ஸர்மினாவுக்கும் பதிவு செய்திருந்தோம். எழுத்துத் தேர்வை அவள் ஆகஸ்டிலேயே, நாஸோவை வைத்துப் படித்து, இரண்டாவது முயற்சியில் தேறியிருந்தாள். பிள்ளைகளை ஜெனலிடம் விட்டுவிட்டு நான் கூடப் போனேன். கோர்ட் வராந்தாவில் ஸர்மினாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காற்று அன்றைக்கு ஆளைத் தள்ளியது. காய்ந்த முள்செடிகள் பந்து பந்தாகத் தெருவில் உருண்டு போயின.

திரும்பி வந்த எஸ்மத் முகத்தைப் பார்க்க உரக்கடைக்காரர்கள் தேவைப்படவில்லை.

"ஆறு வரைக்கும் நேரா போனேன். ஏழாவதுல காத்துக்கு ஒரு சாக்கு வந்து குழாய் வாயில சிக்கியிருந்தது, மேடம். நேத்து அது இல்ல."

வீட்டுக்குப் போகலாம் என்றான். ஸர்மினா எழுந்தாள். வாசலுக்குப் போகவில்லை. டெஸ்ட் எடுக்கும் அம்மாளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவன் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனாள். இருபத்தைந்து நிமிஷம். அவன் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். அவள் கையில் லைசென்ஸ் காகிதத்தோடு வந்தபோது, டெஸ்ட் எடுக்கும் அம்மாள் எப்போதும் இல்லாத வழக்கமாக என்னிடம், இந்தப் பெண்ணுக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று விசாரித்தாள். நான் சொல்லிக்கொண்டேன். பெருமைதான், ஆனால் அந்த நேரத்தில் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீடுவரை ஸர்மினாதான் ஓட்டினாள்.  ஒவ்வொரு குழாய்ப்பாலத்திலும் எஸ்மத்தின் வலது கால் பிரேக் இல்லாத இடத்தில் பிரேக்கை அழுத்துவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வீடு வந்ததும் அவன் உள்ளே போகவில்லை. பின்பக்கம் போய்க் கந்தனாப் பாத்திக்கு ஹோஸ் பிடித்தான்.

சாயங்காலம் ரஸ்ஸல் வந்தான். தேநீர் வந்தது. ஒமாஹா அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போன் செய்துவிடுகிறேன் என்றான் எஸ்மத். ரஸ்ஸல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். நான்தான் பேச்சை எடுத்தேன். லைசென்ஸ் உள்ள ஆள் இந்த வீட்டில் ஒருத்தர் இருக்கும்போது எதற்கு ஒமாஹா என்றேன். கிழங்கு லாரிக்குச் சாதா லைசென்ஸ் போதும். பண்ணை வண்டிக்கு அப்படித்தான். என் அம்மா அறுபத்தைந்து வயதில் ஓட்டினாள்.

எஸ்மத் என் பேச்சை ஸர்மினாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவளுக்குத் தேவைப்படவும் இல்லை.

"அவ லாரி ஓட்ட, நான் வீட்டுல புள்ள பாக்கறதா? சார்ஜென்ட், நீங்களே சொல்லுங்க. நாளைக்கு டென்வர்ல எங்க ஆளுங்க கேட்டா என்ன சொல்வாங்க?"

ஸர்மினா அவர்கள் பாஷையில் பதில் சொன்னாள். ரஸ்ஸல் எட்டியைப் பார்த்து, சொல்லு என்றான். ஒன்பது வருஷப் பழக்கம். சொல்லு என்றால் சொல்லியாக வேண்டும்.

"டென்வர்ல இருக்கறவங்க வந்து கிழங்கு தோண்டட்டும்கறா."

"அறுவடையில மெஷின் பக்கத்துலயே லாரி ஒரே கோட்டுல போகணும் எட்டி. கை அசஞ்சா கிழங்கெல்லாம் மண்ணுல. நேரா ஓட்டுற ஆளு எனக்கு வேணும். என் வீட்டுல அப்படி ஒருத்தரும் இல்ல, உனக்கே தெரியும்."

எஸ்மத் எழுந்தான். கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். உள்ளே அவன் அவற்றைக் கழுவுகிற சத்தம் கேட்டது. ஸர்மினா புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தாள். அது அவன் இதுவரை செய்யாத வேலை என்று பிறகு சொன்னாள்.

திங்கட்கிழமை காலை நான் பஸ்ஸை நிறுத்தியபோது, நாஸோவைக் கொண்டுவந்து விட்டது அப்பா. இடுப்பில் இல்யாஸ், காலில் இரண்டு வேறு செருப்பு. அம்மா ஜெனலின் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டாளாம். ஒமாஹாவுக்குப் பேசியாயிற்றா என்று கேட்டேன்.

"இன்னைக்குக் காத்து ஜாஸ்தி மேடம். போன் சரியா கேக்காது."

அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை.

அந்த வாரம் முழுக்க அறுவடை. ஒருநாள் வெயில் ஏறிவிட்டதால் குவியலில் கிழங்கு சூடேறி அழுகும் என்று மேட்டில் நிறுத்திவிட்டார்கள். மறுபடி குளிர்ந்ததும் ஆரம்பித்தார்கள். முதலில் இலையை அடித்துத் தள்ளும் மெஷின், பின்னால் தோண்டும் மெஷின், அதன் பக்கவாட்டில் லாரி. மூன்று நாளில் ஸர்மினா ஓட்டுகிற நேர்க்கோட்டைப் பார்க்க மற்ற டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்கள். குவியல் மேட்டில் எடை போடும் கிழவர் அவளை மட்டும் மேடம் என்று கூப்பிட்டார். மற்றவர்களை எப்படிக் கூப்பிடுவார் என்று இங்கே எழுத முடியாது. ஆலை முற்றத்து வேலையை எஸ்மத்துக்காக ஜனவரிவரை பிடித்துவைப்பதாக ரஸ்ஸல் பேசி முடித்தான். டிசம்பர் கடைசிக்கு நாலாவது டெஸ்டைப் பதிவு செய்தாயிற்று. தேதியை எஸ்மத்தே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் மத்தியானம் எஸ்மத் துணியில் கட்டிய சாப்பாட்டோடு மூன்று மைல் நடந்து வயலுக்கு வந்தானாம். இல்யாஸை ஜெனலிடம் விட்டிருந்தான். லாரி நிறைந்திருந்தது, நின்று சாப்பிட நேரமில்லை. எட்டி, இன்றைக்கு நீ பயணி என்று ரஸ்ஸல் ஏற்றிவிட்டிருக்கிறான். இதை எனக்குச் சொன்னது ஸர்மினா. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் பொலானி தின்றபடி கேட்டேன். இப்போது அவளே பேசுகிறாள், வார்த்தை கிடைக்காவிட்டால் மட்டும் நாஸோவைக் கூப்பிடுவாள்.

வாய்க்கால் சாலையில் வண்டி ஏறியதும் அவன் பேச்சை நிறுத்திவிட்டானாம். ஒரு கையால் ரொட்டியைப் பிய்த்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தவன், ஊட்டுவதையும் நிறுத்திவிட்டான். முதல் குழாய்ப்பாலம் தெரிந்தது. கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தான். பட்டாளத்து வண்டியில் சொல்வானே, அந்தக் குரலில் சொன்னானாம்.

"நேரா போ."

அடுத்த பாலத்திலும் அப்படியே. ஏழாவதுவரைக்கும் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே வந்தான், நேரா போ, நேரா போ என்று.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

அடுப்பைப் பார்த்துவிட்டு, அவன் பின்பக்கம்தான் இருக்கிறானா என்றும் எட்டிப் பார்த்துவிட்டு, ஸர்மினா குரலைத் தாழ்த்தினாள்.

"எப்படியும் நான் நேராத்தான் போயிருப்பேன், டார்லா ஜான். அவர்கிட்ட சொல்லல. சரிங்கன்னேன்."